எதிர்த்தரப்பின் கையெழுத்து

பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு வீட்டில் ஒரு வக்கீல் இருந்தாள். வேறு யாருமில்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்தான். சோறு ஆறிப்போனது யார் குற்றம் என்பதற்குக்கூட வழக்காடுவாள் என்பதால் அவரே வைத்த பட்டப்பெயர். வைத்தவரே அதன் பலனையும் அனுபவித்தார்.

அந்த வாரம் சமூக அறிவியல் டீச்சர் நிலைப்பாட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். ஊரில் இப்போது அடிபடுகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் நின்று, ஆதாரத்தோடு வாதாட வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எதிர்த்தரப்பையும் எழுதி, உண்மையிலேயே அந்தத் தரப்பில் இருக்கிற ஒருவரிடம் காட்டி, ‘என் பக்கத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள்’ என்று கையெழுத்து வாங்கிவர வேண்டுமாம். அது இல்லாத கட்டுரையை டீச்சர் கையால்கூடத் தொடமாட்டார்.

ஆஸ்பத்திரிப் பின்வாசல் நிறுத்தத்தை வக்கீல் எடுத்துக்கொண்டாள். அந்த நிறுத்தமே வேண்டாம் என்று டிப்போவின் டிரைவர்கள் பதினொரு பேர் கடிதம் கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் மேலாளர் முடிவு சொல்லப் போகிறார். நிறுத்தம் இருந்தே ஆக வேண்டும் என்பது மகளின் கட்சி. கடிதத்தில் முதல் கையெழுத்து அப்பாவுடையது.

“எதிராளியைத் தேடி எங்கயும் அலைய வேண்டாம். வீட்லயே சோறு போட்டு வச்சிருக்கோம்” என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. “சும்மா வாயால பேசாதே. அங்க எத்தனை பேர் ஏறுறாங்கன்னு போய் எண்ணிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

மூன்று நாள் காலையில் நோட்டும் கையுமாக அந்த நிறுத்தத்தில் போய் நின்றாள். முதல் நாள் இரண்டு பேர் ஏறினார்கள். மறுநாள் மூன்று. மூன்றாம் நாள் ஒரே ஒருவர். அவரும் பஸ் மாறி ஏறிவிட்டு, அசடு வழிய இறங்கிப் போனார்.

“நான் சொன்னேன்ல?” என்றார் அப்பா. சொன்ன வேகத்தில் அவருக்கே வாய் கசந்தது. அவள் முகம் அப்படித் தொங்கிப்போயிருந்தது. “வேற தலைப்பு எடுத்துக்கோயேன், கண்ணு.”

“ஆதாரம் இல்லன்னா நானே கட்சி மாறிடுறேன். ஆனா வெள்ளிக்கிழமைதானே கொடுக்கணும்? இன்னும் ஒரு நாள் இருக்கு” என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் பஸ்ஸிலேயே ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். பின்வாசல் நிறுத்தம் வந்ததும் சட்டென்று எழுந்து நின்று எதையோ குறித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தார். என்னவென்று புரியவில்லை.

சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “அப்பா, இன்னிக்கு அந்த ஸ்டாப்ல எத்தனை பேர் இறங்கினாங்க?”

அவர் விரலை மடக்கி எண்ணப் பார்த்து, ஒன்றிலேயே விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். கடைசிக் கால் படியை விட்டு இறங்கியதைக் கண்ணாடியில் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. கட்டுப்போட்ட கால், ஊன்றுகோல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்ட கால் எல்லாம் பார்த்தவர்தான். எண்ணியதில்லை. டிப்போக் கணக்கில் டிக்கெட் வாங்கி ஏறுகிறவன்தான் ஆள். இறங்கியவன் கதை அதோடு முடிந்தது. அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவளும் மூன்று நாள் அதே புத்தியோடு ஏறுகிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“பத்தொன்பது பேர்ப்பா. அதுல ஏழு பேரை இன்னொருத்தர் பிடிச்சு இறக்கினாங்க. பின்வாசல் ரோடு ஒருவழிப் பாதைங்கறதால திரும்பிப் போறப்ப முன்வாசல்ல ஏறிடுறாங்க. அதான் உங்க கணக்குல வரவே இல்ல.”

அவர் தலையைச் சொறிந்தார். தோற்றது உறுத்தியது. அதைவிட, இது தன் மகள் மூளைக்கு எட்டியதே என்ற சந்தோஷம் உள்ளே குறுகுறுத்தது. அதை முகத்தில் காட்டிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

எழுதி முடித்து எதிர்த்தரப்புப் பக்கத்தை அவரிடம் நீட்டினாள். ஏறுவோர் குறைவு, நேரம் வீணாகிறது, வளைவில் நிறுத்துவது ஆபத்து. மூன்றே வரி. அவர் பேனாவை மூடி வைத்தார்.

“போட மாட்டேன்.”

“தோத்துட்டோம்னு கோபமா?”

“வளைவுல நடந்ததை ஏன் எழுதல?”

அவள் தலை குனிந்துகொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுத்தபோது, வளைவில் வந்த சைக்கிள்காரி அவர் கண்ணில் படவில்லை. பிரேக்கை மிதிப்பதற்குள் உரசிவிட்டது. சைக்கிள்காரிக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. இவரோ மூன்று ராத்திரி தூங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மகளின் பள்ளியில் யாருக்கும் தெரியாத விஷயம்.

“அதை எழுதினா கிளாஸ்ல எல்லாரும் உங்களைத் தப்பா நினைப்பாங்கப்பா.”

“நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். முதல் கையெழுத்து நான் போட்டதே அதனாலதான். அது இல்லாம என் பக்கத்துல என்ன இருக்கு? என் கையைக் கட்டிப்போட்டுட்டு ஜெயிக்கப் பாக்காதே.”

அவள் எழுதினாள். எழுதியதும் அவளுடைய தரப்பு ஆட்டம் கண்டது. இரண்டு தாளைக் கிழித்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். அப்புறம் திடீரென்று கேட்டாள். “எங்க நிறுத்தினா வளைவுல வர்றவங்க உங்களுக்குத் தெரிவாங்க?”

“மருந்துக்கடை வாசல்ல நிறுத்தினா நல்லா தெரியும்.”

“அங்கிருந்து பின்வாசலுக்கு நாப்பது தப்படிதான். இன்னிக்குதான் நடந்து பார்த்தேன்.” நிறுத்தத்தை எடுக்க வேண்டாம், நாற்பது தப்படி முன்னால் தள்ளினால் போதும் என்று கடைசிப் பத்தியை எழுதினாள். அவர் எதிர்த்தரப்பின் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, கட்டுரைகளில் எதிர்த்தரப்பாகக் கையெழுத்துப் போட்டவர்களையும் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மகள் கட்டுரையை வாசித்தாள். சைக்கிள்காரி வந்த இடத்தில் அவளுடைய குரல் இறங்கியது. அவர் தலையசைத்தார். அவள் மேலே படித்தாள்.

“உங்க தரப்பைச் சரியா சொன்னாளா?” என்று டீச்சர் கேட்டார்.

“நானே இவ்வளவு சரியா சொன்னதில்லைங்க.” எழுந்தவர் உட்காரவில்லை. “இவ தரப்புலயும் ஒரு கையெழுத்துப் போட இடம் இருக்குங்களா?”

வகுப்பே சிரித்தது. “ஒருத்தரே ரெண்டு பக்கமும் போட முடியாதுங்க” என்றார் டீச்சர்.

அவர் விடவில்லை. ஒரு நகல் எடுத்துக்கொண்டு நேரே டிப்போவுக்குப் போனார். அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த பதினொரு பேர் கடிதத்தில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்திலேயே நகலைக் குத்தினார்.

“யார் எழுதினது?” என்று கேட்டார் கண்டக்டர்.

“எங்க வீட்டு வக்கீல்.”

“நம்மளை எதிர்த்தா?”

“ஆமா. எப்படி எதிர்த்திருக்கா பாருங்க!” சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

சாயங்காலத்துக்குள் அந்த நகலின் அடியில் எட்டு டிரைவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதிலும் முதல் கையெழுத்து அவருடையதுதான்.