ஓரகத்தி கட்டிய மாடி

ஜெயப்ரியா பிளானைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்த நாளிலிருந்து அபிதகுசாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் ஜெயப்ரியா அவளே பார்த்துக் கட்டிவைத்த ஓரகத்திதான். கொழுந்தன் ஹேமநாத்துக்குப் பெண் தேடியபோது ஆரணியிலேயே நல்ல நல்ல இடமெல்லாம் வந்தது. ஒன்றுக்கு மூக்கு சரியில்லை, ஒன்றுக்கு வாய் அதிகம் என்று எதையாவது சொல்லித் தட்டிவிட்டு, படவேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த தூரத்து உறவின் மகளை அபிதகுசாம்பாள் பிடித்து வந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தறியில் பாவு எது, ஊடை எது என்று தெரியாது. நாலு பேர் இருந்தால் குரல் வெளியே வராது. இப்படி ஒருத்தி வந்தால்தான் தனக்கு அடங்கி நடப்பாள் என்பது அவள் போட்ட கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில்லாத அந்தப் பெண் ஒருநாள் வீட்டில் நெய்த பட்டுச் சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி நர்சுகளும் பள்ளிக்கூட டீச்சர்களும் தவணைக்கு வாங்கினார்கள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வந்தாள். வீட்டுக்கு டெலிபோன் வந்தது. அப்புறம் மொபெட் வந்தது. இப்போது மாடி வரப்போகிறதாம்.

மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் அந்தப் பழைய வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பாதி மூத்தவர் சிவப்பிரகாசத்துக்கு, வடக்குப் பாதி ஹேமநாத்துக்கு. நடுவில் இருந்த சுவர் இருவருக்கும் பொது.

"அந்த நடுச்சுவரு மேலதான் அக்கா மாடி சுவரு எழும்புதாம். பொதுச்சுவருன்றதால பக்கத்துப் பாகத்துக்காரங்க சம்மதக் கடுதாசி குடுக்கணும்னு பிளான் போட்ட சர்வேயர் சொன்னாரு. மாமா ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள் ஜெயப்ரியா.

"ஏன், நான் போட்டா ஆவாதா?"

"வூடு மாமா பேருல கீதில்லக்கா. அதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அபிதகுசாம்பாளின் கண் அதற்குள் பிளானின் கீழ் மூலைக்குப் போய்விட்டது. அங்கே மனுதாரர் என்று போட்டு, பக்கத்தில் 'திருமதி ஹே. ஜெயப்ரியா' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"இது இன்னாடி, உம்பேரு போட்டு கீது?"

"அவரு போன வருஷமே அவரு பாகத்த எம்பேருக்கு எழுதி வெச்சிட்டாரே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. யாரும் சொல்லவில்லை. அபிதகுசாம்பாள் அந்தப் பேரையே பார்த்தாள். இந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் அவள். புருஷன் தறியில் உட்கார்ந்தால் இவள் ராட்டையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றினாள். இத்தனை வருஷத்தில் அவள் பேர் ரேஷன் கார்டில் இரண்டாவது வரியில் வந்ததைத் தவிர வேறெங்கும் வந்ததில்லை.

சிவப்பிரகாசம் தறியை விட்டு எழுந்து, சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டே வந்தார். "எங்க போடணும் ஜெயா?"

"இன்னிக்கி அஷ்டமி. நல்ல காரியத்துக்கு அஷ்டமியில யாராவது கையெழுத்துப் போடுவாங்களா? கடுதாசி இங்கயே இருக்கட்டும்" என்று அபிதகுசாம்பாள் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"அதுவும் சரிதான் அக்கா" என்று ஜெயப்ரியா பிளானைச் சுருட்டினாள். சம்மதக் கடிதம் கையோடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்றக் காகிதங்களை அவள் நகராட்சியில் கொடுத்தும்விட்டாள். பத்திர நகல், வீட்டுவரி ரசீது, பிளான் எல்லாம் சேர்ந்தால்தான் மனுவை வாங்குவார்கள். பிறகு நகரமைப்பு ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து எழுதுவார். கமிஷனர் முத்திரை குத்திய பிளான் கைக்கு வந்தால்தான் வேலையை ஆரம்பிக்கலாம். ஜெயப்ரியா இதையெல்லாம் தெருவில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அபிதகுசாம்பாள் காதில் விழுந்தது.

அஷ்டமி போய் நவமி போனது. அப்புறம் செவ்வாய்க்கிழமை என்றாள். அப்புறம் கரிநாள் என்றாள். அடுத்த வாரம் ஒரு காலையில், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

நகரமைப்பு ஆய்வாளர் வேணுகோபால் தலை நரைத்த, பொறுமையான மனிதர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆட்சேபணை குடுக்கலாம்மா. பக்கத்துல குடியிருக்கிறவங்க யார் வேணும்னாலும் மனு குடுக்கலாம். ஆனா கட்டக்கூடாதுன்னு மட்டும் எழுதினா அது மனு இல்ல. உங்களுக்கு இன்னா பாதிப்புன்னு சொல்லணும்" என்றார்.

"பாதிப்புன்னா?"

"வெளிச்சம் மறைக்குது, மழைத்தண்ணி உங்க பக்கம் வுழுது, உங்க எடத்துல வந்து கட்டறாங்க. இப்படி ஏதாவது இருக்கணும். அது நெசமாவும் இருக்கணும். நான் வந்து பாப்பேன்."

அபிதகுசாம்பாள் யோசித்தாள். அவளுக்கு நடந்த பாதிப்பு எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. அதை எழுத முடியாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அந்த நடுச்சுவரு மண்ணு சுவருங்க. எங்க வூட்டுக்காரரு தறிக்குழி தோண்டறப்போ நான் பாத்தேன். முழங்கால் ஆழத்துக்கு மேல கடைக்காலே கெடையாது."

வேணுகோபால் நிமிர்ந்து பார்த்தார். "இத்த எழுதிக் குடுங்க."

பத்தாவது வரை படித்தவள் அவள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, அடியில் 'சி. அபிதகுசாம்பாள்' என்று கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா வாங்கி முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார். வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை. வழியில் முல்லைப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேணுகோபால் இடம் பார்க்க வந்த அன்று, ஜெயப்ரியா எல்லோருக்குமாகக் காப்பி கலந்து வைத்திருந்தாள். அவர் டேப்பை விரித்து அளந்தார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து, "உங்க மனு மேல ஒரு ஆட்சேபணை வந்திருக்கும்மா" என்றார்.

ஜெயப்ரியா திகைத்தாள். "யாருங்க குடுத்தாங்க?"

"பக்கத்து வூட்டுக்காரங்க."

சிவப்பிரகாசம் சிரித்துவிட்டார். "பக்கத்து வூடுன்னா அது நாங்கதானுங்களே சார்!"

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு, அபிதகுசாம்பாளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவப்பிரகாசத்தின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. அவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அபிதகுசாம்பாள் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேணுகோபால் ஆள் வைத்துச் சுவரடியில் தோண்டச் சொன்னார். கடப்பாரை கொஞ்சம் இறங்கியதுமே ஈர மண் வந்தது. கல்லும் மண்ணும் குழைத்து வைத்த கடைக்கால், கையால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதும்மேல இன்னொரு சுவரு வெச்சு, தளத்தையும் போட்டா மொத்தமும் உக்காந்துடும்" என்றார் அவர். "பிளானைத் திருப்பி எடுத்துக்கோங்கம்மா. இந்தச் சுவரைத் தொடாம, உங்க பாகத்துக்குள்ளயே காங்கிரீட் தூண் எழுப்பி வேற பிளான் போடச் சொல்லுங்க. மேல நடுச்சுவர்லருந்து மூணடி தள்ளிக் கட்டுங்க. அப்படி தள்ளுனீங்கன்னா அந்தப் பக்கம் ஜன்னலும் வெச்சுக்கலாம். யார் சம்மதமும் வேணாம்."

அன்றிலிருந்து சிவப்பிரகாசம் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தட்டை வைத்தால் சாப்பிட்டார், எழுந்து தறிக்குப் போனார். தறிச் சத்தம்தான் வீட்டில் பேச்சாக இருந்தது.

ஜெயப்ரியா சண்டைக்கு வருவாள் என்று அபிதகுசாம்பாள் எதிர்பார்த்தாள். அவள் என்ன கேட்டால் தான் என்ன சொல்வது என்று ராட்டை சுற்றும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். 'நான் கொண்டாந்து வெச்ச மருமவ நீ' என்பது கடைசியில் சொல்ல வேண்டியது.

ஜெயப்ரியா வந்தாள். வந்து, தார் சுற்றிக்கொண்டிருந்த இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எங்கிட்ட நேரா சொன்னா நான் வருத்தப்படுவேன்னுதான நீங்க ஆபீஸ்ல போயி சொல்லியிருக்கீங்க? நீங்க மட்டும் சொல்லலேன்னா என் புள்ளைங்க தலமேலயே வுழுந்திருக்கும். பெத்தவ மாதிரி காப்பாத்தினீங்க."

அவள் மெய்யாகவே அப்படி நம்புகிறாளா, இல்லை தெரிந்தே பெரிய மனசு பண்ணுகிறாளா என்று அபிதகுசாம்பாள் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"சரி, வுடு" என்று மட்டும் சொன்னாள்.

புதுப் பிளான் ஒரே மாதத்தில் அப்ரூவல் ஆனது. தூண்கள் எழும்பின. தளம் போட்ட அன்று ஜெயப்ரியா முதல் சட்டி காங்கிரீட்டை மூத்தவள் கையால்தான் கொட்ட வேண்டும் என்று வேலையை நிறுத்தி வைத்தாள். எதிர்வீட்டு முனியம்மா வாய் ஓயாமல், "ஓரகத்தின்னா இப்படி இல்ல இருக்கணும்! பெரியவ சொல்லலேன்னா இந்த வூடு இன்னிக்கி மண்ணு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். அந்த முதல் பிளானிலாவது வடக்கே ஒரு ஜன்னலோடு போயிருக்கும். இப்போது மூன்றடி தள்ளியதால் தெற்கே பெரிதாக இரண்டு ஜன்னல். அபிதகுசாம்பாள் தன் முற்றத்தில் அரிசி காயவைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அங்கே ஜெயப்ரியா தெற்கத்திக் காற்றில் முந்தானை படபடக்க நின்று, "அக்கா, சாப்டாச்சா?" என்பாள். அத்தனையும் தான் எழுதிக் கொடுத்ததால் வந்தது என்று நினைக்க நினைக்க அபிதகுசாம்பாளுக்கு மண்டை காய்ந்தது.

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் தறியருகே போய் நின்றாள்.

"நம்ம பாகத்த எம்பேருக்கு எழுதி வையுங்க."

சிவப்பிரகாசம் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "எதுக்கு?"

"மாடி கட்டணும். எம்பேருல பிளான் போடணும்."

"இதானா?" அவர் தறியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "இத்தினி வருஷத்துல ஒரு தபா வாயத் தெறந்து கேட்டியா நீ? கேட்டிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேனே. அதுக்குப் போயி அந்தப் பொண்ணு மேல மனு எழுதினியே."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் மேலேயும் கோபம் வந்தது. கேட்டால்தான் கொடுப்பதா? ஹேமநாத்திடம் ஜெயப்ரியா கேட்டா வாங்கினாள்? அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். மனிதர் பேச ஆரம்பித்ததே போதும் என்றிருந்தது.

பத்திரம் எழுதி, வீட்டுவரியில் பேர் மாற்றி, கையில் நாலு காசு சேர்ந்து, அவள் பிளான் நகராட்சிக்குப் போவதற்குள் இரண்டாயிரத்து மூன்று ஆகிவிட்டது. வேணுகோபால் இன்னும் அங்கேதான் இருந்தார். காகிதங்களைச் சரிபார்த்து, "பக்கத்துல யாராவது ஆட்சேபணை குடுக்காம இருந்தா ஜல்தியா முடிஞ்சிடும்மா" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அபிதகுசாம்பாளுக்கு உயிரே போய்விட்டது.

ஜெயப்ரியா கொடுப்பாள். கொடுக்காமல் எப்படி இருப்பாள்? தான் அவள் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பாளே! மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டாலே, நகராட்சிக்குத்தான் போகிறாள் என்று வாசலுக்கு ஓடினாள். தபால்காரர் வந்தால் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளுக்குப் பேஜாராகப் போனதுதான் மிச்சம். ஜெயப்ரியா தன்பாட்டுக்கு வேலூருக்குப் போனாள், வந்தாள். முத்திரை குத்திய பிளான் வந்து சேர்ந்தது.

வந்த பிறகு இன்னொரு விதமாக வலித்தது. தான் மாடி கட்டுவது அவளுக்கு ஒரு பொருட்டாகக்கூடத் தெரியவில்லையா?

தை மாதம் பால் காய்ச்சினார்கள். ஜெயப்ரியா விடிவதற்கு முன்பே வந்து கோலம் போட்டாள், பாயசம் கிண்டினாள், வந்தவர்களை உபசரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு அபிதகுசாம்பாள் அவளை மட்டும் தனியாக மாடிக்கு அழைத்துப் போனாள். தரையைக் காட்டினாள். அலமாரியைக் காட்டினாள். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா கீது அக்கா" என்றாள் ஜெயப்ரியா ஒவ்வொன்றுக்கும். முகத்தில் ஒரு கல்மிஷமும் இல்லை.

கடைசியாகத் தெற்கு ஜன்னலைத் திறந்தாள். வயல் பக்கமிருந்து வந்த காற்று அறைக்குள் வீசி, கதவில் கட்டியிருந்த மாவிலையை ஆட்டியது. ஜெயப்ரியா அங்கேயே நின்றுவிட்டாள். காற்று அவள் நெற்றி மயிரைக் கலைத்தது.

"எங்க மாடியிலயும் இப்படித்தான் அக்கா வந்துகினு இருந்தது" என்றாள். "உங்க சுவரு எழும்பினதுலருந்து கம்மியாப் போச்சு. மத்தியானத்துல ஃபேன் போட வேண்டியதாப் போச்சு."

சொல்லும்போது அவள் கண் ஜன்னலின் அகலத்தை ஒரு கணம் அளந்தது. உதடு கொஞ்சம் இறுகியது. அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அபிதகுசாம்பாளுக்கு அது என்னவென்று தெரியும். தன் கண்ணும் எத்தனையோ தடவை அப்படி அளந்திருக்கிறதே!

நெஞ்சில் நான்கு வருஷமாகக் கட்டிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. அந்தப் பெண் மேல் அவளுக்கு முதல் தடவையாகப் பாசம் பொங்கியது.

"அதுக்கு இன்னாடி?" என்றாள். "நீ மத்தியானத்துல இங்க வந்து படுத்துக்கோ. யாரு வேணான்னது?"

புது நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து ஜன்னலுக்கு நேராகப் போட்டு, தன் முந்தானையாலேயே தூசி தட்டினாள்.

"உக்காரு ஜெயா. காலைலருந்து நின்னுகினே கீற."