கிணற்றில் மிஞ்சிய ஒரு மணி

நித்யஸ்ரீ இறந்த மறுவாரத்திலிருந்து, முதலிபாளையத்துக்குக் கிழக்கே உள்ள அந்தத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு இருபத்து மூன்று மணி நேரம்தான். மாலை நான்கு முடிந்ததும் ஐந்து. நான்கு மணிக்குக் கையில் எடுத்த டீ, வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனியில் கடிகாரம் ஒழுங்காக ஓடியது. தோட்டத்து ஆட்கள் முதலில் செல்போனைக் குறை சொன்னார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பழகாதது கிணறு. அந்த இல்லாத ஒரு மணிக்குள் தண்ணீர் இரண்டு படி இறங்கிவிடும்.

கிணறு மூன்று பேருடையது. மூத்தவர் அர்த்தநாரிக்குப் பாதி, இளையவர் ரத்தினசாமிக்கு மூன்றில் ஒன்று, மகள் நித்யஸ்ரீக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, என்று அப்பன் சாகும்போது வாயால் சொல்லிப் போனார். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மகளின் பங்கு இப்போது காலேஜ் படித்த அவள் கணவன் தரணீதரனிடம். அவனுடைய தக்காளிச் செடிகள் கோடையிலும் வாடவில்லை என்பதால், மச்சான்மார் இருவரும் அவனைச் சந்தேகித்தார்கள். மோட்டார் அறையைப் பூட்டினார்கள். கேமரா வைத்தார்கள். அதிலும் நான்குக்கு அடுத்தது ஐந்துதான்.

"ஏனுங்க மாப்ள, பாதிக்காரன் எனக்கே பத்தாத தண்ணி, அரைக்கால்காரருக்கு மட்டும் எப்படிங்க பத்துது?" என்றார் அர்த்தநாரி.

"காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாட்ட இருக்குதுங்ண்ணா" என்றார் ரத்தினசாமி.

தரணீதரன் அமாவாசைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு சொந்த ஊரான மூலனூருக்கே போய்விட வேண்டும்.

தரணீதரன் மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினான். பாதியையும் மூன்றில் ஒன்றையும் அரைக்காலையும் அப்படியே கூட்ட முடியாது. துண்டுகள் ஒரே அளவாக வேண்டும். இரண்டாலும் மூன்றாலும் எட்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்ணைத் தேடினான். எட்டு ஆகவில்லை. பதினாறும் ஆகவில்லை. இருபத்து நான்கு ஆயிற்று. பாதிக்குப் பன்னிரண்டு, மூன்றில் ஒன்றுக்கு எட்டு, அரைக்காலுக்கு மூன்று. கூட்டினால் இருபத்து மூன்று.

"மீதி ஒண்ணு?" என்றார் பக்கத்தில் நின்று பார்த்த அர்த்தநாரி.

"நாலு மணிக்கு அவதானுங்க மோட்டார் போடுவா. தண்ணி எட்டாத கடைசிப் பாத்திக்கு, மூணு பேரு தோட்டத்துலயும் பாய்ச்சுவா. அந்த மணி யாரு முறையிலயும் இல்லீங்க."

"செத்தவ மேல பழியப் போடறீங்களா?" என்றார் ரத்தினசாமி.

மறுநாள் மூவரும் பூட்டிய அறை வாசலில் கைகோத்து நின்றார்கள். நான்கு. ஐந்து. கை விடவில்லை, பூட்டும் அப்படியே. திறந்து தொட்டால் மோட்டார் சுட்டது. அதுவரை அடுத்தவர் தோட்டத்தையே கவனித்துக்கொண்டிருந்தவர்கள், அன்றுதான் அவரவர் கடைசிப் பாத்திக்குப் போனார்கள். மூன்றும் ஈரம். மடை மண் இடப்பக்கமாக வெட்டி இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் இடது கைக்காரி ஒருத்திதான்.

"பாப்பா வெட்டுன மடை" என்றார் அர்த்தநாரி. கையில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டிவிட்டு, "அந்த ஒண்ணையும் நீங்களே வெச்சுக்குங்க மாப்ள" என்றார்.

"வேண்டாங்க மச்சான். அது அவளுதுங்க."

தண்ணீரை வேண்டாம் என்கிற மனிதனை ரத்தினசாமி அதற்கு முன் பார்த்ததில்லை. பூட்டை எடுத்தாயிற்று. ஆனாலும் தினமும் ஐந்து மணிக்கு மூன்று கடைசிப் பாத்திகளிலும் விரலை விட்டுப் பார்க்கிறார், தங்கை தன் புருஷன் பக்கம் கூடுதலாகப் பாய்ச்சுகிறாளோ என்று. இதுவரை சமமாகத்தான் இருக்கிறது.

தரணீதரன் நான்கு மணிக்கு இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறான். ஐந்து மணிக்கு ஒன்று ஆறியிருக்கிறது. ஒன்று காலி.