கூடை மண்

மகாராஜபுரத்தில் நிலத்துக்குத் தீர்வை சர்க்காருக்குப் போகும். வீட்டு வரி பஞ்சாயத்துக்குப் போகும். இந்த இரண்டையும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கிராம முன்சீபைத் தெருத்தெருவாக நடக்க விட்டுக் கட்டுவதில் ஊர்க்காரர்களுக்குத் தனி சுகம். கால்வாய் மராமத்து என்றால் மட்டும் கதை வேறு. அதை உடம்பால்தான் கட்ட வேண்டும், தவணை கிடையாது. புரட்டாசியில் தண்டோரா போட்டதும், வரிக்குப் பயந்து புறவாசல் வழியாக ஓடுகிறவன்கூட மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவான். மலையில் இறங்குகிற தண்ணீர் அந்த ஒரு கால்வாய் வழியாகத்தான் கண்மாய்க்கு வந்தாக வேண்டும். ஒருவன் பங்கில் மண் கிடந்தால் ஊரே காயும்.

கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கால்வாயில் ஒரு பங்கு. பங்கின் இரு முனையிலும் கல் நட்டிருக்கும். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் இடையில் மண் அள்ளிக் கரை கட்டுவது அந்த வீட்டுக்காரன் பொறுப்பு. ஒருவன் பங்கில் இன்னொருவன் மண்வெட்டி போடக் கூடாது. அண்ணன் பங்கில் தம்பிகூடப் போட மாட்டான். ஏனென்றால் ஊர் கூடி ஒருவன் பங்கை வெட்டுவது ஒரே ஒரு சமயத்தில்தான். அது அவன் செத்துப்போன வருஷத்தில். அன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, செருப்பில்லாமல், சொந்தக் கூடையோடு வந்து கரையில் நிற்பார்கள். செத்தவன் வீட்டு ஆள் இறங்கி முதல் மண்ணை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு கால்கூடக் கால்வாய்க்குள் இறங்காது. இதற்குக் கூடை மண் என்று பெயர். இந்துவுக்கும் அதுதான், வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்கும் அதுதான். கால்வாய்க்கு ஏது சாமி?

இன்பம் மூன்று வருஷமாகத் தன் புருஷன் வில்சனுடைய பங்கைத் தானே வெட்டி வந்தாள். வில்சன் நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்குப் போனவன். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை. அஸ்ஸாம் பக்கம் ரோடு போடுகிற பட்டாளம். புறப்படும்போது கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. "கால்வாய்ப் பங்கை மட்டும் பாத்துக்கோ, நம்ம பேர்ல ஒருத்தன் கொறை சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான். போன ஆடியிலிருந்து கடிதம் நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்ததில், "காணவில்லை" என்று ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது. அதைச் சொன்ன குமாஸ்தா தலையை நிமிர்த்தவுமில்லை, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பவுமில்லை. அவளுக்கு அந்த வார்த்தையே போதுமாக இருந்தது. காணாமல் போன ஆடு மாடு திரும்பி வருகிறதே, மனுஷன் வர மாட்டானா?

பெண்கள் கால்வாயில் மண் சுமப்பார்கள். பங்கு ஏற்று வெட்டியவள் எவளும் இல்லை. முதல் வருஷம் அவளைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த வருஷம் சிரிப்பு நின்றது. அவளும் யாரையும் கிட்டே விடவில்லை. தன் பங்கில் ஊர்க்கூடை இறங்காத வரைக்கும் தன் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கணக்கு. பைத்தியக்காரக் கணக்குத்தான். அவள் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

இந்த வருஷம் உடம்பு காலை வாரிவிட்டது. வில்சன் பங்கு கால்வாயின் வளைவில் இருந்தது. போன ஐப்பசி வெள்ளம் மலைமணலையும் கல்லையும் கொண்டுவந்து அந்த வளைவில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மண்வெட்டியோ வில்சனுடையது. அவன் நெட்டை உடம்புக்குப் போட்ட நீளக் காம்பு, இவள் கைக்கு அடங்காமல் ஆடும். பாதிப் பங்கு முடிந்திருந்தபோது கல்லில் பட்டுத் தெறித்த மண்வெட்டி அவள் இடது பாதத்தைக் கிழித்துவிட்டது. மூன்றாம் நாள் வியாழக்கிழமை, கால் வீங்கி, தரையில் ஊன்ற முடியவில்லை. ஆனாலும் கரையில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டிய மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் கிராம முன்சீப் வைகுண்டராஜ் குடையோடு வந்து நின்றார். மேற்கே மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம்.

"ஏம்மா இன்பம், எல்லாப் பங்கும் முடிஞ்சிருச்சு. ஒன்னோடதுதான் பாதியில கெடக்கு."

"சனிக்கெழமைக்குள்ள முடிச்சிருவேன் ஐயா."

"எதை வச்சு முடிப்ப? காலைப் பாரு. சனிக்கெழமை விடியவும் தண்ணி நம்ம முறை. அன்னைக்குக் கால்வாய் அடைஞ்சு கெடந்தா தண்ணி கீழூருக்குப் போயிரும். பொறவு அடுத்த முறை எப்ப வருமோ, மழை இருக்குமோ இருக்காதோ." அவர் மண்வெட்டியைப் பார்த்தார். "இந்தக் காம்பையாவது ஒரு சாண் குறைச்சிருக்கலாம்ல? ஒனக்கு எப்படி அடங்கும் இது?"

"குறைச்சுட்டா அவிய வந்து எதை வச்சு வெட்டுவாக?"

வரி கட்டாதவன் வீட்டு அண்டாவை எடுத்துவரச் சொல்கிற வைகுண்டராஜின் குரல், இவளிடம் மட்டும் எப்போதும் எழும்புவதில்லை. குடையை மடக்கினார்.

"சட்டப்படி நான் கூலி ஆள் விட்டு வெட்டி, அந்தச் செலவை ஒன் தீர்வையோட சேத்து வாங்கலாம். நாளைக்கு விடியவும் ஆள் வரட்டும். சரின்னு சொல்லு."

"எந்த ஊர் ஆளு?"

"வத்திராயிருப்பு ஆளு."

வெளியூர்க் கூலியாள் வெட்டினால் அது சர்க்கார் வேலை. அவமானம்தான், ஆனால் அதில் சாவு இல்லை. இன்பம் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம ஊர் ஆளு ஒருத்தர்கூட எறங்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க ஐயா."

"அய்யோ தேவுடா" என்று தம் வீட்டுத் தெலுங்கில் முனகினார் வைகுண்டராஜ். "முன்சீபையே சத்தியம் கேக்குற ஊரு இது ஒண்ணுதான் இருக்கும். சரி, கேட்டுக்கோ. வில்சன் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒன் பங்குல நம்ம ஊர்க்கூடை எறங்காது. போதுமா?"

"போதும்" என்றாள். அதுவரை பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்த கண்ணீர் அப்போது வந்துவிட்டது. அதைப் பார்க்காதது போல அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் அடுத்த வீட்டுக் குருவம்மாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாய் ஓயாது. "ஏட்டி, நான் ரெண்டு கூடை அள்ளிப் போட்டா என்ன, கொறைஞ்சா போயிருவேன்? நீயும் உன் வீம்பும்" என்று திட்டிக்கொண்டே காலில் மருந்தை அப்பினாள்.

"ஒன் கூடை என் பங்குல எறங்கிச்சு, பொறவு ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள் இன்பம். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது. நாளைக்குப் பங்கு முடியும். சனிக்கிழமை தண்ணீர் வரும். தையில் கதிர் அறுக்கலாம். அதற்குள் வில்சனும் வந்து சேர்ந்தால் கர்த்தருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

குருவம்மாளின் புருஷன் தெருவில் நின்று அவளைக் கூப்பிட்டான். போனாள். செத்த நேரம் கழித்துத் திரும்பி வந்து, துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போட்டாள். புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று இன்பமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இன்பம் செபம் முடித்து, மண்வெட்டியை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனாள். கூலியாட்களிடம் கல் எது, எல்லை எது என்று காட்டிக்கொடுக்க வேண்டுமே. கரையில் ஏறியபோது வளைவு நெடுகக் கூட்டமாக ஆட்கள் தெரிந்தார்கள். வத்திராயிருப்பு ஆட்கள் வேலை செய்கிற அழகைப் பார்க்க ஊர் வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நம் ஊருக்கு வேடிக்கை பார்க்கச் சொல்லியா தர வேண்டும்?

இன்னும் நாலு எட்டு வைத்ததும் தலைகள் தெரிந்தன. ஒரு தலையிலும் துண்டு இல்லை.

வீட்டுக்கு ஒருவர். ஒவ்வொருவர் கையிலும் கூடை. குருவம்மாளின் புருஷன் நின்றான். ஊரில் ஒரு குழி நிலம்கூட இல்லாத மளிகைக்கடை சேக் முகைதீன், கடையில் விற்கிற புதுக்கூடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. குடை இல்லாமல் வெளியே வராத வைகுண்டராஜ், வெறுங்காலோடு, அவரும் ஒரு கூடையோடு நின்றார். வத்திராயிருப்பு ஆள் ஒருவரையும் காணோம். ஒருவரும் கால்வாய்க்குள் இறங்கவில்லை.

இன்பத்துக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கூடைகளை அத்தனையும் பிடுங்கித் தீ வைக்க வேண்டும் போல இருந்தது.

"சத்தியம் பண்ணீகளே ஐயா" என்று கத்தினாள். "நேத்து இதே எடத்துல நின்னு சத்தியம் பண்ணீகளே!"

வைகுண்டராஜ் கூடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பண்ணேன்மா" என்றார். "அதை நான் மீறல."

அவ்வளவுதான் சொன்னார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. அவன் முன்னால் வந்தான்.

"நான் புதுப்பட்டி சங்கையா. வில்சன் அண்ணனும் நானும் ஒரே பட்டாளம். இம்புட்டு நாளும் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நேத்துப் பொழுது சாயத்தான் வண்டி பிடிச்சு வந்து முன்சீப் ஐயாட்ட சொன்னேன். ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீங்க சிரிச்சுப் பேசிட்டிருந்தீக. எனக்குத் தைரியம் வரல."

இன்பம் அவனையே பார்த்தாள். எப்படி, எப்போது என்று எதையும் கேட்கவில்லை.

"மண்ணு யாரு போட்டா?" என்றாள்.

"நாங்க அஞ்சு பேரு. செபம் சொல்லத் தெரிஞ்சவரு ஒருத்தர் எங்ககூட இருந்தாரு. மூங்கில்ல சிலுவை கட்டி நட்டோம். அப்ப எனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. மொத மண்ணு நான்தான் போட்டேன்."

மலைப்பக்கம் இடி உருண்டது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

அவள் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் ஒரு கூடைகூட இறங்கியிருக்காது. முன்சீபும் சட்டமும் சொன்னாலும், கலெக்டரே நேரில் வந்தாலும் அந்த முதல் மண்ணை அவள்தான் வெட்ட வேண்டும். ஊரின் ஒரு வருஷச் சோறு அவள் கையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பொழுது ஏறியது. ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் இருமக்கூட இல்லை. வாய்த்தகராறில் மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர் அது. அன்றைக்கு அப்படி நின்றது.

இன்பம் தன் பங்கைப் பார்த்தாள். அவள் வெட்டிய பாதி, கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. மீதிப் பாதியில் மணல் மேடு தட்டிக் கிடந்தது. 'நம்ம பேர்ல ஒருத்தன் கொறை சொல்லக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு, அவள் கொடுத்த வாக்கு இன்னும் பாதி பாக்கி.

கரையில் உட்கார்ந்து, சறுக்கி, உள்ளே இறங்கினாள். கட்டுப் போட்ட காலில் மணல் ஏறியது. மண்வெட்டியை ஓங்கினாள். நீளக் காம்பு ஆடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். மண் பெயர்ந்தது. வைகுண்டராஜ் கரையில் மண்டியிட்டுக் கூடையைக் கீழே நீட்டினார். அவள் அந்த மண்ணை இரு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டாள்.

அதன் பிறகுதான் அழுதாள். வாய்விட்டு, பெயர் சொல்லி அழுதாள். குருவம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ள, ஊர் ஒவ்வொருவராகக் கால்வாய்க்குள் இறங்கியது. சங்கையா ஒற்றைக் கையால் கூடையைப் பிடித்து இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினான். மத்தியானத்துக்குள் வளைவில் மணல் இல்லை.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக வளைவுக்கு வந்து, எங்கேயும் தேங்காமல் திரும்பிக் கண்மாயைப் பார்த்துப் போனது. கரையில் நின்ற வைகுண்டராஜுக்குப் பக்கத்தில் இன்பம் நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் கையிலிருந்த மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"இந்தக் காம்பு எனக்கு நீளம் ஐயா" என்றாள். "ஆசாரிட்ட கொடுத்து ஒரு சாண் குறைச்சுத் தரச் சொல்லுங்க. அடுத்த வருசமும் நான்தான வெட்டணும்."

வைகுண்டராஜ் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.