கூடுதலாக ஒரு நாற்காலி

காலை ஒன்பதரைக்கு முதலீட்டாளரிடமிருந்து அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'பதினோரு மணிக்கு என் தங்கையும் கூட வருகிறாள். ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.'

இதில் என்ன இருக்கிறது, தங்கை வந்தால் வரட்டுமே என்றுதான் அவளும் நினைத்தாள். நாற்காலி விஷயத்தைக் குறித்து வைக்க அன்றைய அட்டவணையைத் திறந்தாள். திறந்தவள் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

அவள் வேலை சேர்த்து வைக்கும் வேலை. பணம் அனுப்ப, கடன் வாங்க, சேமிக்க என்று புதுப்புது ஆப்பாகச் செய்து வைத்துக்கொண்டு முழிக்கிற ஆட்களை, அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட வழிகாட்டிகளிடம் சேர்க்க வேண்டும். பிறகு முதலீட்டாளர்களிடம் சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே தரகர்தான். எட்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, ஏறாத படியெல்லாம் ஏறி வாங்கிய வேலை. போன மாதம் ஒரே தொழிலில் முட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேச்சே கிடையாது, வீட்டுக்குத்தான்" என்று டைரக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவார்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று அறிமுகக் கோப்பு. சிரித்த முகமும் ஏறிக்கொண்டே போகும் கோடுமாக முதலீட்டாளருக்குப் போவது. மற்றது வழிகாட்டியின் குறிப்பு. டாக்டரிடம் சொல்வதுபோல நிறுவனர் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அதில் இருக்கும். வழிகாட்டியையும் அவளையும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அட்டவணையில் இரண்டு லிங்க்கும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். எட்டே முக்காலுக்கு, ஒரு கையில் டீயும் மறுகையில் மவுஸுமாக, அவள் அறிமுகக் கோப்புக்குப் பதில் பக்கத்துக் கட்டத்தில் இருந்த குறிப்பை முதலீட்டாளருக்கு அனுப்பித் தொலைத்திருந்தாள்.

லிங்க்கை உடனே முடக்கினாள். யார் எப்போது திறந்தார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒருவர்தான் திறந்திருந்தார். ஒன்பது பன்னிரண்டுக்குத் திறந்து, பதினோரு நிமிடம் நிதானமாகப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் தங்கைக்கு நாற்காலி கேட்டிருக்கிறார்.

பதினோரு மணிக்கு வரப்போகிற பையனுக்கு அலுவலகம் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பேச ஆரம்பித்தால் எங்கும் நிற்கமாட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலே பணம் போய்ச் சேருகிற மாதிரி ஓர் ஆப் செய்திருந்தான். ரகசிய எண் எதுவும் வேண்டாம், குரல்தான் பூட்டும் சாவியும். அதில் ஓர் ஓட்டை இருந்தது. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது மாமியார் கணக்கு மனைவியின் குரலுக்கு அப்படியே திறந்துகொண்டது. மாமியாருக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை என்று சொல்லிச் சிரித்தானாம். சிரித்துவிட்டு, கண் கலங்கினானாம். வங்கியில் மோசடிப் பிரிவில் முப்பது வருஷம் இருந்த அவனுடைய வழிகாட்டி இதை அப்படியே எழுதி வைத்திருந்தார். 'ரத்த உறவுகளின் குரலைப் பிரிக்கத் தெரியவில்லை. சரிசெய்ய நான்கு மாதமாகும். முதலீட்டாளரிடம் சொல்லச் சொன்னேன், பயப்படுகிறார்.'

பயப்படாமல் என்ன செய்வான்? மாதக் கடைசிக்குள் யாரும் கைகொடுக்காவிட்டால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். அவனை நம்பி நல்ல வேலையை விட்டு வந்த ஐந்து பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள்.

பத்து ஐம்பதுக்கு லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தவனை அவள் மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் முகம் வெளிறிப்போனது.

"உங்களை நம்பித்தானேக்கா வழிகாட்டி சார்கிட்ட வாயைத் திறந்தேன்? எழுதினா வெளிய போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அந்தத் தங்கச்சி என் ஆப்பை உடைக்கத்தான் வர்றாங்களா?"

"அப்படித்தான் தோணுது. அவங்க குரலும் அக்கா குரலும் ஒண்ணுபோலவே இருக்கும். போன்ல ஒரு தடவை நானே ஏமாந்திருக்கேன்."

எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ் அரை நிமிடம் நின்றது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அவங்க படிச்சது உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க எனக்கு எதுவும் சொல்லலை. நானா சொல்ற மாதிரி சொல்லிடறேன். சரியா?"

சரியில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள்.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. அக்காவும் தங்கையும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அவன். நேரம் பார்க்க மூலையில் அவள். இருபது நிமிடம் ஆனதும் போதும் என்று சொல்வதும் அவள் பொறுப்பு. அவன் முதலீட்டாளரின் குரலைப் பதிவு செய்தான். அவர் ஒரு பெயரையும் தொகையையும் சொன்னார், பணம் போனது. எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவள் மட்டும் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க, நீ சொல்லு பார்க்கலாம்" என்று முதலீட்டாளர் போனைத் தங்கையிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றான் அவன். "அவங்க பேசினாலும் திறந்துடும். அம்மா, பொண்ணு, அக்கா, தங்கச்சி குரலை இதால பிரிக்க முடியலை. அதை உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை."

தங்கை பேசிப் பார்த்தாள். திறந்தது.

முதலீட்டாளர் போனைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "உண்மையைச் சொல்லணும்னா, இது எனக்கு முன்னாடியே தெரியும். எப்படின்னு கேட்காதீங்க. நீங்க சொல்றீங்களான்னு பார்க்கத்தான் இவளைக் கூட்டிட்டு வந்தேன். பதினஞ்சு வருஷமா எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். கேட்காமலே தன் ஓட்டையைத் தானே காட்டின ஆளை இப்பத்தான் பார்க்கறேன். ஆப் கிடக்கட்டும், சரிபண்ணிக்கலாம். நான் உங்களை நம்பிப் பணம் போடறேன்."

அவர் கையை நீட்டினார்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது. அவன் பிழைத்தான், ஐந்து பேர் பிழைத்தார்கள், அவள் வேலையும் பிழைத்தது. வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த நீட்டிய கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேலேயே. முன்பின் தெரியாத இரண்டு பேர் இவள் வார்த்தையை நம்பித்தான் எதிரெதிரே உட்காருகிறார்கள். இவள் பிழைப்பே அதுதான். அந்த அம்மாள், இல்லாத ஒரு நேர்மைக்குப் பணம் போடப் போகிறார், அதைச் செய்து கொடுத்தது இவள்.

"மேடம்" என்றாள். "அவரா சொல்லலை. நான்தான் வெளிய வச்சு அவர்கிட்ட சொன்னேன். அந்தக் கோப்பை உங்களுக்குத் தப்பா அனுப்பினதும் நான்தான்."

அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் கொலையே விழுந்திருக்கும். முதலீட்டாளரின் கை மேசைமேல் இறங்கியது. தங்கை ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"சரி" என்றார் முதலீட்டாளர், அவனிடம். "அவங்க சொல்லாம இருந்திருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல், என்று அவள் மனசுக்குள் கத்தினாள். எப்படியும் சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. அவனும் அதைத்தான் யோசித்திருப்பான்.

"மாட்டேன்" என்றான்.

முதலீட்டாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாட்டேன் மேடம். மாசக் கடைசி வரைக்கும்தான் எங்களுக்கு உயிரு. உங்க தங்கச்சி வராம இருந்திருந்தா, நான் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டே இருந்திருப்பேன். அப்புறம் நாலு மாசத்துக்குள்ள சரிபண்ணிடலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்." தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"உட்காருங்க."

அவன் நின்றான்.

"உட்காருங்கன்னு சொல்றேன்ல. இவ்வளவு நேரம் பேசினதை விட்டுடுவோம். இதைச் சரிபண்ண ஏன் நாலு மாசம் ஆகுது, அதைச் சொல்லுங்க முதல்ல." பிறகு மூலைப் பக்கம் திரும்பினார். "நீங்க நேரம் பார்க்க வேண்டாம். போய் உங்க டைரக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

டைரக்டரின் அறை ஒரு மாடி மேலே. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறிப் போனாள். மூச்சு வாங்க நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த அம்மா இன்னும் உள்ளதான் பேசிக்கிட்டிருக்காங்களா?"

"ஆமா சார்."

"அப்ப கோபம் இல்லை. பையனும் வெளிய சொல்லமாட்டான். வழிகாட்டிக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. போன் பண்ணணும்."

"எதுக்கு?" அவர் சிரித்தார். "அவருக்குத் தெரிஞ்சா மத்த வழிகாட்டிகளுக்கும் தெரியும். நாளைக்கு ஒருத்தரும் ஒரு வரி எழுதமாட்டாங்க. இந்த அறையோட போகட்டும்மா. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. போன் பண்ணினா அப்புறம் உன்னைக் காப்பாத்த என்னால முடியாது."

இவ்வளவு சுலபமா! வீடு ஞாபகம் வந்தது, காலேஜில் மகளுக்குக் கட்டவேண்டிய பணம் ஞாபகம் வந்தது, எட்டு வருஷ அடுப்படி ஞாபகம் வந்தது. வேலை வேண்டும் என்றுதான் இருந்தது, தலையிலிருந்து கால்வரை வேண்டும் என்று இருந்தது.

அவர் முன்னாலேயே போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே வழிகாட்டி எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா, நம்ம பையன் மீட்டிங் எப்படிப் போச்சு?"

"சார், உங்க குறிப்பு விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள். பிறகு, "இல்லை சார், நடக்கலை. நான் பண்ணிட்டேன்" என்றாள்.