டிக்கியில் இல்லாத ஸ்பேனர்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு வீல் ஸ்பேனரை வைத்திருக்கிறேன். அது இருக்க வேண்டிய இடம் என் அம்பாசிடரின் டிக்கி. கார் இப்போது திசையன்விளை ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே என் மனைவி சாலோமி, மகள் ஜாய்சி. ஓட்டுவது மச்சினன் ரெக்சன்.

2

முதல் தொடக்கம்: "1996ஆம் வருஷம், பாளையங்கோட்டையில் சுந்தர்ராமன் என்ற வங்கி ஊழியர், கார் சக்கரம் கழற்றும் மின்சார மிசின் ஒன்றை வாங்கினார். அசட்டையான மனிதரான அவர்..."

அடித்துவிட்டேன். சுந்தர்ராமன் என்று ஒருவரும் கிடையாது. பழி சுமக்க ஆள் தேடியிருக்கிறேன், அவ்வளவுதான். வாங்கியது நான்.

3

மேலப்பாளையம் சேக் முகம்மது துபாயிலிருந்து கொண்டுவந்த மிசின். ஒயரைக் கார் பேட்டரியில் மாட்டி விசையை அமுக்கினால், கடகடவென்று அடித்து நட்டைக் கழற்றும், முடுக்கும். கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "அண்ணாச்சி, மிசினு என்னதான் முடுக்கினாலும் கடைசில கையால ஒரு தடவ பாத்துருங்க."

சரி சரி என்றேன்.

இன்று காலை தெருவே கூடி நின்று பார்த்தது. ஒரு சக்கரத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? நாலையும் கழற்றி மாட்டிக் காட்டினேன். கடைசிச் சக்கரத்தில் சத்தம் இளைத்தது. நட்டு இறுகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தான், ஸ்பேனரால ஒருக்கா முடுக்கிருவமா?" என்றான் ரெக்சன்.

"போலே, இனிமே இந்த இரும்பு எதுக்கு?" என்று ஸ்பேனரை டிக்கியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் போட்டேன்.

கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டோம். அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது: மிசின் இழுத்ததில் பேட்டரி இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் மிசின் அந்தக் கடைசிச் சக்கரத்தை என்ன லட்சணத்தில் முடுக்கியிருக்கும்? இடது பக்கம், பின்சக்கரம். ஜாய்சி எப்போதும் அந்த ஜன்னலோரம்தான் உட்காருவாள்.

4

முடிவு அ: நாங்குநேரி தாண்டியதும் பின்சக்கரம் லேசாக ஆட, ரெக்சன் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து

[ஸ்பேனர் இங்கேயல்லவா இருக்கிறது, மடையா.]

முடிவு ஆ: சக்கரம் தனியாகக் கழன்று

இதை எழுத மாட்டேன்.

பஸ் ஏறித் துரத்தலாமே என்று கேட்பீர்கள். நான் போய்விட்டால் இங்கே போன் மணியை யார் கேட்பது?*

* சாலோமியின் ஏற்பாடு இது: திசையன்விளை சேர்ந்ததும் போன் பூத்திலிருந்து அடிப்பாள். இரண்டு மணியோடு வைத்துவிட்டால் நல்லபடியாகச் சேர்ந்தாயிற்று. நான் எடுக்கக் கூடாது. "ரெண்டுக்கு மேல அடிச்சா மட்டும் எடுங்க, ஏதோ விசயம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

5

பகல் ஒன்றரை. பதினொன்றரைக்கே சேர்ந்திருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. மூன்றாவதாக ஒரு முடிவு யோசித்துக்கொண்டிருந்

போன்.

ஒன்று.

இரண்டு. வச்சிரு சாலோமி. வச்சிரும்மா.

மூன்று.

வேறு யாராகவும் இருக்கலாம். ஆபீஸாக இருக்கலாம், ராங் நம்பராக இருக்கலாம். ஸ்பேனரைப் பிடித்த கை அதை விட மாட்டேன் என்கிறது.

நாலு.

நீங்கள் எடுங்கள். எடுத்ததும் வேறெதுவும் கேட்க வேண்டாம். ஜாய்சியைப் பேசச் சொல்லுங்கள்.