முலாமுக்கு அடியில் இருந்த பள்ளங்கள்

எம்மெட் ஸ்ட்ரவுட் தன் தாத்தாவின் ரிவால்வரைக் கறுப்பு வெல்வெட் துணிமேல் வைத்திருந்தான். பக்கத்திலேயே, கண்ணாடிச் சட்டம் போட்ட என் கடிதம். ‘தொழிற்சாலையிலேயே பூசிய அசல் நிக்கல் முலாம்’ என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது.

அமெரிக்காவின் டல்சா நகரில் நடக்கும் பழந்துப்பாக்கிக் கண்காட்சியில் நானும் ஒரு நடுவர்; பழந்துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பவனும்கூட. காலையில் அவன் மேசையைத் தாண்டும்போது, திறந்த கதவு வழியே வந்த வெயில் துப்பாக்கிக் குழலில் சாய்வாக விழுந்தது. நின்றுவிட்டேன். அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றுக்குள்ளும் நிக்கல் வழவழவென்று இறங்கியிருந்தது.

அசல் முலாமாக இருந்தால் துரு அதைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். ஓரம் உடைந்து உள்ளே கறுத்த இரும்பு தெரியும். இது துருப்பிடித்த பிறகு தேய்த்து மறுபடி பூசியது. பூசியவன் கெட்டிக்காரன். விசையையும் சுத்தியலையும் தொழிற்சாலை விட்டதுபோலவே பூசாமல் விட்டிருந்தான். அதில்தான் அன்றைக்கு ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று காபி குடித்தேன். வாங்கிய ஹாட் டாக்கைப் பாதியில் குப்பையில் போட்டேன். மண்டபத்தை எத்தனை சுற்று சுற்றினேனோ, கால்கள் அவன் மேசைக்கே வந்து நின்றன.

“என்னடா லைல், பரிசு ரிப்பன் குத்த வந்தியா? இல்ல, பூனை மாதிரி சும்மா சுத்திக்கிட்டிருக்கியா?”

“எம்மெட், இது அசல் இல்லடா.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான். தப்பும் என்னோடதுதான்.”

லென்ஸை நீட்டினேன். வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தான். குழலில் பொறித்த எழுத்துகளை விரல் நகத்தால் தடவினான். தேய்ப்பில் அவை மழுங்கியிருந்தன.

“பன்னெண்டு வருஷமா ஊரெல்லாம் காட்டிக்கிட்டு வரேன். எங்கப்பா சாகறப்பக்கூட உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன், தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது.

அவன் சட்டத்தைக் கழற்றி, கடிதத்தை என் கையில் திணித்தான். “புதுசா எழுது. இன்னிக்குத் தேதி போடு. எப்படிக் கண்டுபிடிச்சேன்னும் எழுது. கிழிச்சுப் போட்டுட்டு ஓடிடாத.”

அங்கேயே நின்று எழுதினேன். அவன் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தான். மதியம் முழுக்க ஆட்கள் குனிந்து குனிந்து பள்ளங்களைப் பார்த்தார்கள். ரிப்பன் வேறொருவருக்குப் போனது. கிளம்பும்போது எம்மெட் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

இப்படி முப்பத்தெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அவற்றின் பட்டியலை எடுத்து முதல் தொலைபேசி எண்ணை அழுத்தினேன். நெப்ராஸ்காவில் ஒரு பெண் எடுத்தாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நான் கடுதாசி எழுதிக் குடுத்த அந்த ரிவால்வர் இன்னும் இருக்கா?” என்றேன். “அத நான் மறுபடி ஒருதரம் பாக்கணும்.”