ஏழாம் தகடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:
எங்கள் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் மைக்ரான். எதையும் அந்த நுண்ணிய அளவுக்கும் கீழே போய் அளக்கச் சொல்வார்.
அக்கா. எனக்கு மூத்த ஆய்வு மாணவி. ரத்த உறவு இல்லை.
நான்.
ஒரு ஓவன்.
(ஏழு என்று எண் எழுதிய கண்ணாடித் தகட்டையும் சேர்த்திருக்க வேண்டும். அது அதற்குள் உடைந்துவிட்டிருந்தது.)

1

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஒரு குளிர்கிடங்கில் இரவு முழுக்க வெப்பமானி பார்க்கிறவன். மூன்று நாள் முன்பு, வேலை முடிந்து காலையில் படுக்கப்போகும்போது கைபேசியில் அக்காவின் செய்தி. ஆறு வருடம் கழித்து.

"நைட் ஷிஃப்ட்னு கேள்விப்பட்டேன். தூங்கி எந்திரிச்சதும் பாரு. அந்த ஏழாம் தகட்டுல என்னதான்டா இருந்துச்சு? உனக்காவது தெரியுமா? சும்மாதான் கேக்கறேன்."

நான் தூங்கவில்லை. பதிலும் போடவில்லை. இதை எழுத உட்கார்ந்தேன். பதிலுக்கு ஒரு வரி போதும். கதை என்றால் நாள் கணக்கில் இழுக்கலாம்.

2

முதல் தொடக்கம்: 'தகட்டின்மேல் நீர்த்துளி ஒரு முத்தைப்போல உருண்டு'

(அடித்துவிட்டேன். நீர்த்துளியை முத்து என்று எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான்.)

இரண்டாவது: 'அறிவியலில் நேர்மை என்பது'

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

மூன்றாவது. எங்கள் வேலை இதுதான். கண்ணாடித் தகட்டின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்குவோம். அதன்மேல் அக்கா தயாரித்த பூச்சைப் பூசி ஓவனில் சூடாக்குவோம். பூச்சு சரியாக அமைந்தால் தண்ணீர் ஒட்டாது. விழுந்த துளி எம்பிக் குதிக்கும். தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஒலி உணரி அதைக் கேட்கும். ஒட்டிக்கொள்ளும் துளிக்கு ஒரே ஒரு 'டொக்'. குதிக்கும் துளிக்கு 'டொக்', சின்ன இடைவெளி, இன்னொரு 'டொக்'. மற்ற எல்லோரும் திரையில் கோடுகளைப் பார்ப்போம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆறு தகடுகளுக்கு ஒரே டொக். ஏழாவதற்குக் கண்ணைத் திறந்தாள்.

"டேய், நிக்காம குதிக்குதுடா."

"சும்மா சொல்லாதக்கா."

"நீயே கேளு. ஸ்கூல் விட்ட பிள்ளைங்க மாதிரி."

கேட்டேன். அப்படித்தான் இருந்தது. அவள் மறுபடி ஹெட்போனை வாங்கி மாட்டினாள். முகம் கொஞ்சம் மாறியது.

"ஆனா சுருதி கீழ இருக்கு. மேல வேற எதாவது படிஞ்சிருக்கா? சுத்தமாத்தான வெச்ச?"

"சுத்தமாத்தான்க்கா."

(அப்போது அது பொய் இல்லை. எனக்குச் சாதகமாக இந்தக் கதையில் உள்ள ஒரே வரி இது.)

3

மறுநாள் ஓவனைத் துடைத்தபோது கீழ்த்தட்டின் பின்மூலையில் ஒரு துணி கிடந்தது. என்னுடையது. தகடுகளை வைக்கும் கண்ணாடி ஜாடிக்குள் காற்று புகாமலிருக்க மூடியின் விளிம்பில் சிலிக்கோன் கிரீஸ் தடவுவோம். ஏழாம் தகட்டை வைத்த அன்று அதிகமாகத் தடவி, வழிந்ததைத் துடைத்து, துணியை ஓவனுக்குள் போட்டு மறந்திருக்கிறேன். சூட்டில் கிரீஸ் ஆவியாகித் தகட்டில் படிந்திருக்கிறது. தண்ணீரைத் துரத்தியது அக்காவின் பூச்சு அல்ல, என் அழுக்குத் துணி. அவள் காது தப்பாகக் கேட்கவில்லை. மேலே வேறொன்று படிந்துதான் இருந்தது.

ஓவன் கதவில் மைக்ரான் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார்: 'தகட்டைத் தவிர எதையும் உள்ளே வைப்பவர் வீட்டுக்குப் போகலாம்.' அவர் வேடிக்கைக்கு எழுதுகிற ஆளில்லை.

துணியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேறு மாடியிலிருந்த குப்பைத்தொட்டியில். அந்த அளவுக்கு யோசித்திருக்கிறேன்.

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். துணியைக் காட்டியிருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பாகியிருக்குமே, இவ்வளவு மடையனா என்று. ஆமாம். பயந்தவனுக்கு அதெல்லாம் அப்போது தோன்றாது. தோன்றியபோது கட்டுரை அக்காவின் பெயரில் வெளியாகிவிட்டது.)

4

எட்டிலிருந்து நாற்பத்திரண்டாம் தகடு வரை ஒரே டொக். வேறு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது: நாங்களும் செய்து பார்த்தோம், வரவில்லை. ஏழாம் தகட்டை எடுத்துச் சோதிக்கவும் வழியில்லை. உணரியைப் பிரிக்கும்போது தகடு துண்டாகிப் போயிருந்தது. அது நிஜமாகவே விபத்து. யாரும் நம்பவில்லை.

மைக்ரான் எங்கள் இருவரையும் ஓவனுக்கு முன்னால் நிற்கவைத்தார்.

"ஏழுல மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

"தெரியல சார். ஆனா என் காதால கேட்டேன்."

"கேட்டியா, கேக்கணும்னு ஆசப்பட்டியா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓவன்ல வெச்சது நீதான? வழக்கத்துக்கு மாறா எதாவது நடந்துச்சா?"

"இல்ல சார்."

என் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சமாவது சொல்லிக்கொள்ளலாம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அக்காவைக் கற்பனையில் எண்களைப் போட்டவள் என்றார்கள், முகத்துக்கு நேராக அல்ல. நானும் நாலு மாதத்தில் படிப்பை விட்டேன். பரிகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஓவனைத் திறக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

5

முடிவு ஒன்று: நான் மைக்ரானிடம் போய் உண்மையைச் சொல்கிறேன்.

(போகவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா எல்லாம் கேட்டுச் சிரித்து, "விடுறா லூசு" என்கிறாள்.

(அவள் இப்போது ஒரு காது கிளினிக்கில் மற்றவர்களுக்குக் கேட்கிறதா என்று சோதிக்கிறாள். மன்னிப்பாளா என்று தெரியாது. அவள் சொல்ல வேண்டிய வசனத்தை நான் எழுதிக்கொள்வது இன்னொரு திருட்டு.)

முடிவு மூன்று: இதை அப்படியே அவளுக்கு அனுப்புகிறேன். அவள் படித்துவிட்டு

கைபேசியில் 'அக்கா, அது என் துணி' என்று அடித்து வைத்திருக்கிறேன். மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. அனுப்புவேனா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்; என்னைப் பற்றி இவ்வளவு படித்தாயிற்றே. நிஜமாக நடந்த ஒரே ஒரு முடிவுதான் என் கையில் இருக்கிறது.

அக்கா ஆய்வகத்தை விட்டுக் கிளம்பிய அன்று மத்தியானம். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஆய்வகச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"ஹெட்போன நீயே வெச்சுக்கோ. உன் காதுக்கும் கொஞ்சம் வேலை குடு."

"சரிக்கா."

வாசலைத் தாண்டியவள் திரும்பினாள்.

"டேய். நீயும்தான கேட்ட? குதிச்சுதுல்ல?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புக்கா."

தலையை ஆட்டினாள். தூசி புகாமலிருக்கக் கதவை உடனே பூட்ட வேண்டும் என்பது ஆய்வக விதி. அவள் பெட்டியோடு நடைவழியில் நின்றுகொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு சுற்று திருப்பினேன். டொக். சின்ன இடைவெளி. இன்னொரு டொக்.